பிக்கப்பைக் கூட்டும் பல்சக்கரம்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியின் ஆலைகளிலிருந்து ராயல் என்ஃபீல்டும் யமஹாவும் பெரிய இருசக்கர வாகனங்களை அனுப்பிக்கொண்டிருந்தாலும், அங்குள்ள தொழிலாளர் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் கேனும் காய்கறி மூட்டையும் சுமந்து செல்லும் வேலைக்கு ஏற்ற வண்டி டிவிஎஸ் எக்ஸ்எல் வகை மொபெட்டே ஆகும். 1980இல் ஒசூரிலிருந்து வெளிவந்த 49 சிசி ‘டிவிஎஸ் 50’இன் வழித்தோன்றலான எக்ஸ்எல் 100, ஏறத்தாழ 4.3 குதிரைத்திறனும் 6.5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் மட்டுமே தரும் 99.7 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினைக் கொண்டது. மாற்றிக்கொள்ளக் கியர்களும் இல்லை. ஆகவே சுமையோடு நின்று புறப்படும்போது வண்டி திணறுவதும், ‘பிக்கப் இல்லை’ என்ற குறைக்கு மெக்கானிக் கடையில் ஸ்ப்ராக்கெட்டை மாற்றித் தருவதும் இயல்பாக நிகழ்கின்றன.

ஸ்ப்ராக்கெட் என்பது செயின் பற்றி ஓடும் பல்சக்கரம். எஞ்சின் பக்கம் சிறியதும் பின்சக்கரத்தில் பெரியதுமாக இரண்டு இருக்க, பின்னதன் பற்களை முன்னதன் பற்களால் வகுத்துக் கிடைக்கும் எண்ணே, எஞ்சினின் முறுக்குவிசை செயின் வழியே எத்தனை மடங்காகிப் பின்சக்கரத்தை அடைகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. எடுத்துக்காட்டாக, முன்னே 14 பல்லும் பின்னே 42 பல்லும் உள்ள அமைப்பில் விகிதம் 3. முன்னதில் ஒரு பல் குறைந்து 13 ஆனால் அது 3.23 ஆகி, சக்கரத்தின் இழுவை ஏறத்தாழ 8 விழுக்காடு கூடும். எஞ்சினைத் திறக்காமல், குறைந்த செலவில், முன்கூட்டியே கணக்கிட்டு, வேண்டாமெனில் பழையதையே திரும்பப் பூட்டிக்கொள்ளும் வாய்ப்புடன் செய்யக்கூடிய மாற்றம் இது ஒன்றே என்பதால், பிக்கப்புக்காகச் செய்யப்படும் வேலைகளுள் நேர்மையானது இதுவே எனலாம். சிலிண்டரைக் குடைந்து கொள்ளளவைக் கூட்டுவது அத்தகையதன்று. பதிவுச் சான்றிதழிலுள்ள விவரத்தையே பொய்யாக்கும் அவ்வேலை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு முரணானது.

ஆனால் பல்சக்கரம் புதிய திறன் எதையும் உண்டாக்குவதில்லை. இருக்கும் திறனை வேகத்திலிருந்து எடுத்து இழுவைக்குக் கொடுக்கிறது. முன்பு நிமிடத்துக்கு 5,000 சுழற்சியில் எட்டிய அதே வேகத்தை எட்ட எஞ்சின் இப்போது ஏறத்தாழ 5,400 முறை சுழல வேண்டும். உச்சத் திறன் 6,000 சுழற்சியிலேயே கிடைத்துவிடுவதால் அதற்கு மேல் முறுக்கினால் இரைச்சலும் சூடும் பெட்ரோல் செலவும் கூடுமேயன்றி வேகம் பெரிதாகக் கூடாது. ஒரகடம் கூட்டுச்சாலையை ஒட்டிய தெருக்களில் வீட்டுக்கு வீடு நின்று புறப்படுபவருக்கு இந்த இழப்பு பொருட்டல்ல. அதே வண்டி வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட வேண்டியிருக்கையில், முன்பே குறைவாக இருந்த உச்ச வேகம் இன்னும் குறைவது பாதுகாப்பையே தொடும் விஷயமாகிறது. இதைச் சொல்லாமல் ஸ்ப்ராக்கெட்டை மாற்றித் தருவது பாதி வேலைதான். முன் ஸ்ப்ராக்கெட் சிறுத்தால் செயின் கூடுதலாக வளைந்து விரைவில் தேயும். பின்னதைப் பெரிதாக்கினால் செயினின் நீளமே போதாமல் போகலாம்.

மொபெட்டில் இன்னொரு நுட்பமும் உண்டு. எஞ்சின் குறிப்பிட்ட வேகத்தை எட்டும்போது விசிறப்பட்டு வெளிப்புறக் கிண்ணத்தைப் பற்றிக்கொள்ளும் ஷூக்களைக் கொண்டது அதன் கிளட்ச். அந்த ஷூக்கள் தேய்ந்து வழுக்கினாலும் ‘பிக்கப் இல்லை’ என்றே ஓட்டுநருக்குத் தோன்றும் என்பதால், கிளட்சைப் பார்க்காமல் பல்லை மாற்றுவது நோயை விட்டு அறிகுறிக்கு மருந்து கொடுப்பதாகும். பிரேக் இழுத்துப் பிடித்திருப்பதற்கும், டயரில் காற்று குறைந்திருப்பதற்கும் இதுவே பொருந்தும்.

சுமைக் கணக்கோ யாரும் போட்டுப் பார்க்காத ஒன்று. 86 கிலோ வண்டியும் 65 கிலோ ஓட்டுநரும் 20 லிட்டர் கேன்கள் மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ 211 கிலோ; அதில் ஒரே ஒரு கேனைக் குறைத்தால் புறப்படும் வேகத்தில் கிடைக்கும் ஆதாயம் 10 விழுக்காடு, அதாவது முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பதைவிட அதிகம். எனினும் நடைக்கு நடை கேன் எண்ணிக்கையில் வருவாய் பார்ப்பவரிடம் ஒன்றைக் குறைக்கச் சொல்வது எளிதல்ல. மெக்கானிக் கடையை நாடும் அவரது முடிவில் நியாயம் இருக்கிறது.

இதே தொழிற்பகுதியை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கிலோமீட்டர் பந்தயப் பாதை உள்ளது. பாதையின் வளைவுகளுக்கும் நேர்க்கோட்டு நீளத்துக்கும் ஏற்ப ஸ்ப்ராக்கெட்டைத் தேர்ந்தெடுப்பது மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் அடிப்படைப் பாடம். ஒரே விகிதம் எல்லாப் பாதைக்கும் பொருந்தாது என்பதை அங்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. மொபெட்டைச் சுமை வண்டியாக விற்கும் நிறுவனங்கள், தெருவுக்குத் தெரு நின்று செல்பவருக்கு ஒன்றும் நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கு ஒன்றுமாக, புகை அளவும் செயின் நீளமும் சோதித்துச் சான்று பெற்ற இரு பின் ஸ்ப்ராக்கெட்டுகளைத் தாங்களே அளித்து, எதைப் பூட்டினால் எவ்வளவு உச்ச வேகம் குறையும் என்பதையும் வண்டியோடு தரும் கையேட்டில் அச்சிட்டுவிட்டால், இந்தத் தேர்வை மெக்கானிக்கின் கைப்பக்குவத்துக்கு மட்டும் விட வேண்டியிராது.