யாருடைய சர்க்கரை?

செவ்வாய்க்கிழமை காலைகளில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வராந்தாவில் கர்ப்பிணிகள் கூடுவார்கள். சிலர் கையில் ஒரு டம்ளர் இருக்கும். தண்ணீரில் கரைத்த 75 கிராம் குளுக்கோஸை ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். குமட்டினாலும் அடக்கிக்கொள்ள வேண்டும்; அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் திரும்ப வர வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தப் பெண்ணுக்குக் கர்ப்பகால நீரிழிவு. சாப்பிட்டுவிட்டு வந்தாளா, வெறும் வயிற்றோடு வந்தாளா என்பது பொருட்டல்ல.

பொருட்டல்ல என்பதுதான் இந்தச் சோதனையின் விசேஷம். சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவும் அவருடைய குழுவினரும் வகுத்த முறை இது. மற்ற முறைப்படி இரவெல்லாம் பட்டினி கிடந்து, காலையில் வந்து, மூன்று முறை ரத்தம் கொடுக்க வேண்டும். விடியலில் எழுந்து எல்லோருக்கும் சமைத்து வைத்துவிட்டு, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறவளிடம் பட்டினியோடு வா என்றால் அடுத்த முறை அவள் வரமாட்டாள். இதைப் புரிந்துகொண்டு ஒரு சோதனையை வகுத்தது சாதாரண விஷயமில்லை. பெண்ணின் நேரத்துக்கும் பசிக்கும் மதிப்பிருக்கிறது என்று ஒப்புக்கொண்ட மருத்துவ ஆய்வுகள் அரிது. இதே குழு தமிழ்நாட்டில் நடத்திய கள ஆய்வு, 2008இல் வெளிவந்தது. கர்ப்பகால நீரிழிவு நகரத்தில் 17.8, சிறுநகரத்தில் 13.8, கிராமத்தில் 9.9 விழுக்காடு என்று அது சொன்னது. பணக்காரர் வியாதி என்ற பேச்சு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். 2014இல் இந்திய அரசின் வழிகாட்டு நெறி இந்த ஒற்றைச் சோதனையையே ஏற்றுக்கொண்டது.

அதே 2014இல், சென்னையிலேயே, மருத்துவர் வி. மோகனின் குழு 1,031 கர்ப்பிணிகளுக்குச் சில நாள் இடைவெளியில் இரண்டு விதமாகவும் சோதித்துப் பார்த்தது. பட்டினிச் சோதனையில் நீரிழிவு என்று தெரிந்த பெண்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினரைத்தான் பட்டினியில்லாச் சோதனை பிடித்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் சேஷய்யா குழுவினர் 800 பெண்களிடம் செய்த ஆய்வோ இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றிருந்தது. ஒரே நகரம், ஒரே ஆய்விதழ், எதிரெதிர் முடிவுகள்.

இந்தச் சண்டையில் பக்கம் எடுப்பது எனக்கு எளிதாக இல்லை. பத்தில் ஏழு பேரைத் தவறவிடுகிற சோதனையை எளிமையின் பெயரால் மட்டும் காப்பாற்ற முடியாது. ஏழைப் பெண்ணுக்கு இது போதும் என்ற குரல் அதற்குள் ஒளிந்திருக்கக்கூடும். ஆனால் பட்டினிச் சோதனைக்கு வராமலே போகிறவளும் தவறவிடப்பட்டவள்தான். வந்தவர்களை மட்டும் எண்ணுகிற ஆய்வின் அட்டவணையில் அவளுக்கு இடமில்லை. மோகன் குழுவின் கணக்கு சரியாகவே இருக்கலாம். அந்தக் கணக்குக்குள் வராதவர்களை நினைத்துத்தான் சேஷய்யா தன் முறையை வகுத்தார்.

ஆனால் இரண்டு தரப்பும் தொடாத கேள்வி ஒன்று உண்டு. இந்தச் சர்க்கரை யாருக்காக அளக்கப்படுகிறது?

பின்னோக்கிப் போனால் விடை மாறியிருப்பது தெரியும். 1964இல் ஓசல்லிவன், மஹான் இருவரும் பாஸ்டனில் 752 கர்ப்பிணிகளின் சர்க்கரையை அளந்து ஓர் எல்லைக்கோடு போட்டார்கள். இவர்களில் யாருக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் என்பதைக் கண்டுபிடிப்பதற்கான கோடு அது. அதாவது தாயின் எதிர்காலம். 2008இல் வெளிவந்த ஹாப்போ ஆய்வு ஒன்பது நாடுகளில் 23,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்தது. இந்தியா அதில் இல்லை. அதை வைத்து 2010இல் வகுத்து, 2013இல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்ட எல்லைக்கோடுகள் மூன்று: வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153. இவற்றுக்கு ஆதாரம் பிறந்த குழந்தையின் எடை, அதன் உடற்கொழுப்பு, தொப்புள்கொடி ரத்தம் காட்டிய இன்சுலின் சுரப்பு. அளக்கிற ரத்தம் தாயுடையது, கோடு குழந்தையுடையது. குழந்தையைப் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. பெருத்த குழந்தையின் தோள் சிக்கிக்கொள்வதும் தாயின் உடலில்தான் நடக்கிறது. ஆனால் ஐம்பது வருடத்தில் நோயாளி மாறிப்போனதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அறிவுரையும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. அரிசியைக் குறை, காய்கறியைக் கூட்டு, முட்டை சாப்பிடு என்பார்கள். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் சட்டியில் மிஞ்சியதைத்தான் சாப்பிடுகிறாள். அது பெரும்பாலும் சோறும் குழம்பும். “பிள்ளைக்காகவாவது வாயைக் கட்டு” என்று மாமியார் சொல்வதையேதான் மருத்துவமனைச் சுவரொட்டியும் கொஞ்சம் நயமாகச் சொல்கிறது.

பிரசவம் முடிந்ததும் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும். ஆபத்து இறங்குவதில்லை. கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் அதிகம் என்று 2009இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். ஓசல்லிவன் தேடிய அதே விடை. அதனால்தான் பேறு முடிந்து ஆறு வாரத்தில் தாய்க்கு மறுபடி குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறது அரசின் நெறி. எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆறு வாரம் என்பது குழந்தையின் முதல் பெரிய தடுப்பூசிக்கான நாள். தாய் அன்று அங்கே வருகிறாள். அவளை வரவழைக்கத் தனியாக ஒரு திட்டம் தேவையில்லை. ஒரு புதன்கிழமை அப்படியொரு நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவளுக்குக் கர்ப்பத்தின் கடைசி இரண்டு மாதம் இன்சுலின் போட்டிருக்கிறார்கள். குழந்தையின் தொடையில் ஊசி போட்டு, வாயில் சொட்டு விட்டு, அட்டையில் அடுத்த தேதியைக் குறித்துக் கொடுத்தார் செவிலியர். அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வெளியே வந்தவளிடம், பிரசவத்துக்குப் பிறகு உனக்குச் சர்க்கரை பார்த்தார்களா என்று கேட்டேன்.

“எனக்கு எதுக்குக்கா? அதான் புள்ள நல்லபடியா பொறந்துருச்சே.”