கண்ணாடிக்கு உள்ளேயும் வெளியேயும்

நேரு வீதிக் கடையில் விற்பனைத் தம்பி அந்த போனைத் திருப்பிக் காட்டினார். “உள்ள இருக்கறது எல்லாம் அப்படியே தெரியும்க்கா.” முதுகில் கண்ணாடி, அதனடியில் வெள்ளைத் தகடுகள், குட்டித் திருகுகள், வயர்லெஸ் சார்ஜிங் வட்டம், ஒளிக் கீற்றுகள். அழகுதான். என் கையும் நீண்டது.

ஆனால் தெரிவது உள்பக்கம் இல்லை. மின்சுற்றுப் பலகையும் பேட்டரியும் அந்தத் தகடுகளுக்கு அடியில் மறைந்தே கிடக்கின்றன. பார்ப்பதற்கென்றே வார்த்து அடுக்கிய இன்னோர் உறையைத்தான் நமக்குத் திறந்து காட்டுகிறார்கள்.

லண்டன் நிறுவனமான நத்திங் 2022இல் தன் முதல் போனை இப்படிக் கொண்டுவந்தபோது, பலருக்கும் 1998 நினைவுக்கு வந்தது. ஆப்பிளின் நீலநிற ஐமேக்கும், ஊதா நிறத்தில் உள்ளே தெரிந்த கேம் பாய் கலரும் வந்த ஆண்டு அது. சரி, யாருடைய நினைவு இது? எங்கள் தெருவில் அன்று ஐமேக்கைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை.

எங்களுக்கு வாய்த்த ‘உள்ளே தெரியும்’ பொருள் ஐ.எஸ்.டி. பூத். பிரான்சில் ஒரு உறவாவது இருக்கும் குடும்பங்கள் புதுச்சேரியில் ஏராளம். எங்கள் அப்பாவும் அங்கேதான் இருந்தார். இரவில் கட்டணம் குறையும் நேரம் பார்த்து அம்மா போவார். கண்ணாடிக் கூண்டு, தலைக்கு மேலே ஏறிக்கொண்டே போகும் சிவப்பு எண்கள், வெளியே காத்திருக்கும் ஆண்கள். முந்தானையால் வாயை மறைத்துக்கொள்ளலாம், முகத்தை என்ன செய்வது? அழுதால் தெருவுக்கே தெரியும். அதனால் பணம் வரவில்லை என்பதையும், மாமியார் பேசியதையும் அம்மா சிரித்த முகத்தோடுதான் சொல்வார். அந்தக் கண்ணாடியை நினைத்து அவர் ஏங்கி நான் பார்த்ததே இல்லை. ஏங்குகிறவர்கள் வெளியே நின்று பார்த்தவர்கள்.

நத்திங் போன் செய்யப்படுவதும் நம் பக்கத்தில்தான். சென்னை ஆலையில் 500க்கும் மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள், அவர்களில் 95 சதவீதம் பெண்கள் என்று அந்நிறுவனம் 2025இல் பெருமையோடு சொன்னது. நல்ல செய்தி. ஆனால் இந்தத் தொழிலில் பெண்கள் காட்ட வேண்டியது எவ்வளவு, அவர்களுக்குக் காட்டப்படுவது எவ்வளவு? வேறொரு நிறுவனத்தின் கதை: ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் அங்கு வேலை செய்த பெண்கள் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. தோழிகள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே மற்ற பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார வேண்டியிருந்தது. அதே ஆலைக்கு வேலை தேடிப் போன சகோதரிகள் இருவரை வாசல் காவலர் “கல்யாணம் ஆகிவிட்டதா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார் என 2024இல் ராய்ட்டர்ஸ் எழுதியது. பாகுபாடு காட்டுவதில்லை என்று நிறுவனம் மறுத்தது. மெட்டி கண்ணுக்குத் தெரிகிற பொருள். விடுதிச் சமையலறை அப்படியில்லை.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தம்பியிடம் கேட்டேன்: “பேட்டரி போனா நானே மாத்திக்கலாமா?”

“அதெல்லாம் நாம திறக்கக் கூடாதுக்கா,” என்றார்.