முதலில் தாள், பிறகு அட்டை

கையால் செய்த வாழ்த்து அட்டை ஏதாவது வந்தால், முகப்பில் ஒட்டியிருக்கும் அச்சுத்தாளின் ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அங்கே அரைப் பூ, கால் இலை, வால் மட்டும் தெரியும் ஒரு மாங்காய் என்று அச்சு பாதியில் அறுந்திருந்தால் மனம் நிறைந்துவிடும். செய்தவர் முழுத் தாள் ஒன்றை அச்சு ஒற்றி நிரப்பி, அதற்குள் தேடி இந்தத் துண்டைக் கண்டெடுத்திருக்கிறார் என்று அர்த்தம். அட்டையின் நடுவில் அளவெடுத்துப் பதித்த ஒற்றைப் பூவில் இந்தச் சுகம் கிடைப்பதில்லை. அது அங்கேயே முடிந்துவிடுகிறது. அறுந்த பூவோ அட்டைக்கு வெளியிலும் பூத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே தாள் ஒரு நாள், அட்டை இன்னொரு நாள் என்று வைத்துக்கொள்வதே நல்லது. அச்சு ஒற்றும் நாளில் அட்டையின் நினைப்பே வரக்கூடாது. பூத்தொடுப்பதைப் போலக் கை ஒரு தாளத்துக்கு வந்துவிட வேண்டும்.

அச்சுக்கு எங்கும் அலைய வேண்டாம். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் ஐந்து மூலைப் பூ. பாகற்காய்க்குச் சுருள் சுருளான விளிம்பு. உருளைக்கிழங்கில் வேண்டிய வடிவத்தைச் செதுக்கிக்கொள்ளலாம். ஆனால் வெட்டிய முகத்தைத் துணிமேல் கவிழ்த்துப் பத்து நிமிடம் வைத்து நீரை வாங்காவிட்டால் சாயம் நீர்த்துப் பரவிவிடும். மறுநாள் வெட்டிய காய் சுருங்கி வேறு வடிவமாகியிருக்கும், அதனால் அன்றைக்கே ஒற்றி முடித்துவிட வேண்டும். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது வாழைமட்டை. குறுக்கே அறுத்தால் பிறை வடிவம். அதற்குள் வரிசையாகக் காற்றறைகள், நடுவே மெல்லிய தடுப்புகள். செதுக்குளி படாமலே கிடைக்கும் சாளர வேலைப்பாடு அது. இரண்டு பிறைகளை எதிரெதிராக ஒற்றினால் ஒரு கண்ணாகிறது. நான்கைச் சுற்றி ஒற்றினால் பூ.

ஆண்டுக்கணக்கில் உழைக்கும் அச்சு வேண்டுமென்றால் மரக்கட்டைதான். குஜராத்தின் பேத்தாப்பூரில் தேக்கில் செதுக்கும் கட்டைகள் துணி அச்சுக்காரர்களிடம் பெயர் பெற்றவை. பெரிய கட்டைகளில் காற்று சிக்கி அச்சு பொக்கையாகாமலிருக்கச் சிறு துளைகள் இட்டிருப்பார்கள். மரக்கட்டையைத் தாளில் ஒற்றும்போது அடியில் நாலைந்து செய்தித்தாளை மெத்தையாக விரித்துக்கொண்டால் போதும், மூலை முடுக்கெல்லாம் விழும்.

வரிசை போடும் இலக்கணம் நம் வாசல் கோலத்திலேயே இருக்கிறது. புள்ளிக்கு நேர்கீழே புள்ளி வைத்தால் நேர்ப்புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வைத்தால் ஊடுபுள்ளி. அச்சுத்தாளையும் இந்த இரண்டு வழியில்தான் நிரப்புகிறோம். நேர்ப்புள்ளித் தாள் கட்டம் போட்ட துணிபோல அடங்கி நிற்கும். ஊடுபுள்ளித் தாளில் கண் சாய்வாக ஓடும். எந்த இடத்தில் வெட்டினாலும் அந்த ஓட்டம் நிற்காது. அட்டைக்கு ஊடுபுள்ளியே சிறந்தது என்பது என் தீர்ப்பு.

தாள் பருத்தித் துணியின் வெட்டுத்துண்டுகளைக் கூழாக்கிச் செய்த கைத்தாளாக இருந்தால் பாதி அழகு அதிலேயே வந்துவிடும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் கூடம் 1959 முதல் இயங்குகிறது. ஜெய்ப்பூர் அருகே சாங்கானேரில் காகஜி குடும்பங்கள் தலைமுறைகளாக இதைச் செய்கின்றன. ஆலைத் தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரு திசையாகவே படிந்திருப்பதால், அதற்குக் குறுக்கே மடித்தால் மடிப்பு வெடிக்கும். கைத்தாளில் இழைகள் எல்லாப் பக்கமும் பின்னிக் கிடக்கின்றன. எப்படி மடித்தாலும் இசைந்து கொடுக்கும்.

இரண்டாம் நாள் வேலைக்குக் கத்தரியைவிட முந்தி வேண்டியது கண். கெட்டி அட்டையில் ‘ட’ வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டி, எதிரெதிரே பொருத்தினால் சின்ன ஜன்னல் தயார். அதைத் தாள்மேல் மெல்ல நகர்த்துங்கள். சாயம் தொட்டதும் ஒற்றிய அச்சு கனமாக இருக்கும். மூன்றாவது, நான்காவது ஒற்றலில் வெளுத்து, காயின் நரம்பே தெரியத் தொடங்கும். கனத்த பூவுக்குப் பக்கத்தில் வெளுத்த பூ நிற்கும் இடத்தில் ஜன்னலை நிறுத்துங்கள். அந்தத் துண்டை வெட்டி, அட்டையில் சுற்றிலும் ஒரு விரற்கடை வெற்றிடம் விட்டு ஒட்டினால் போதும். ஜிகினா வேண்டாம், ரிப்பன் வேண்டாம். அவை அச்சின் குரலை அமுக்கிவிடும்.

மார்கழி பிறந்துவிட்டால் கடை வாசல்களில் சிவகாசியில் அச்சான பொங்கல் வாழ்த்துகள் கயிற்றில் தொங்கிய காலம் இருந்தது. ஜோடி மாடு, பொங்கல் பானை, சினிமா நட்சத்திரங்கள். தபால்காரர் கொண்டுவந்த அவற்றை அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்தோம். இன்று வாழ்த்து கைப்பேசியில் வந்து அன்றைக்கே அழிந்துபோகிறது. அச்சுத்தாள் அட்டையை யாரும் எளிதில் தூக்கிப் போடுவதில்லை. எனக்கு வந்த ஒன்று, வாழைமட்டைப் பிறைகள் மங்கிய நீலத்தில், இன்னும் என் அகராதியில் பக்க அடையாளமாக இருக்கிறது.

இந்த மார்கழியில், சாம்பாருக்கு நறுக்கும்போது முற்றிய வெண்டைக்காய் ஒன்றைத் தனியே எடுத்து வையுங்கள். ஒரு தாள் நிறைய ஒற்றிக் காயவிடுங்கள். பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது.