உடைந்த கேமரா

'வால்ட்ஸ் வித் பஷீர்' (2008) படத்தை முதல் தடவை பார்த்தபோது, அதன் கடைசி ஒரு நிமிடத்தை இயக்குநரின் தவறு என்றே நினைத்தேன். ஒன்றரை மணி நேரம் சித்திரமாக ஓடிய படம் திடீரென்று நிஜ வீடியோவாக மாறுகிறது. சடலங்கள், கதறும் பெண்கள். இவ்வளவு கட்டுக்கோப்பாக எடுத்துவிட்டு எதற்கு இந்தச் செய்திப்படம்? சமீபத்தில் மறுபடி பார்த்தேன். தப்பு என்னுடையது.

அரி ஃபோல்மன் 1982 லெபனான் போரில் 19 வயது இஸ்ரேலியச் சிப்பாய். அந்த செப்டம்பரில் பெய்ரூட்டின் சப்ரா, ஷத்திலாவில் ஃபாலாஞ்சிஸ்ட் படையினர் பாலஸ்தீனர்களைக் கொன்று குவித்தார்கள். சுற்றி நின்றதும், இரவில் ஒளிக்குண்டு ஏவி வெளிச்சம் கொடுத்ததும் இஸ்ரேலிய ராணுவம். 24 ஆண்டுகள் கழித்து ஃபோல்மனுக்கு அதில் எதுவுமே நினைவில்லை. பழைய சகாக்களைத் தேடிப்போய்க் கேட்கிறார். அதுதான் படம்.

நடுவில் உளவியலாளர் ஸஹாவா சாலமன் ஒரு சிப்பாயின் கதையைச் சொல்கிறார். புகைப்பட ஆர்வலன். போரை ஒரு கற்பனைக் கேமரா வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தான், சுற்றுலா வந்தவன் மாதிரி. பெய்ரூட் குதிரைப் பந்தயத் திடலில் செத்தும் சாகாமலும் கிடந்த அரபுக் குதிரைகளைப் பார்த்ததும் கேமரா உடைந்துபோனது. இதைத்தான் டிஸோசியேஷன் என்கிறார். உடம்பு அங்கே இருக்கும், ஆள் இருக்க மாட்டான்.

என் தொழிலில் இதற்கு ஓர் இணை உண்டு. பிழை வந்தால் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்படி கோட் எழுதலாம். புரோகிராம் நிற்காது. லாகில் ஒன்றும் இருக்காது. மாசக்கணக்கு கழித்து, சம்பந்தமே இல்லாத ஓரிடத்தில் வெடிக்கும். ஃபோல்மனின் நண்பர் போவாஸால் மனிதர்களைச் சுட முடியாது என்பதால், குரைத்து ஊரை எழுப்பும் நாய்களைச் சுடச் சொன்னார்கள். 26 நாய்கள். இருபது ஆண்டுகள் கழித்து அதே 26 நாய்கள் கனவில் துரத்துகின்றன. எண்ணிக்கை பிசகவில்லை.

படத்தின் வடிவமும் இதுவேதான். ஃபிளாஷில் துண்டு துண்டாக வெட்டி அசைக்கப்பட்ட உருவங்கள், தண்ணீருக்குள் நடப்பவர்களைப்போல நகர்கின்றன. அதைப் பட்ஜெட் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். அந்த மந்தம்தான் அந்தச் சிப்பாய்கள் உலகைப் பார்த்த விதம். சித்திரம்தான் ஃபோல்மனின் கற்பனைக் கேமரா. அதை நம் கையிலும் கொடுத்துவிடுகிறார். மரணத்தை "அட, அழகா இருக்கே" என்று பார்த்துக்கொண்டிருந்தோமே, கடைசி நிமிடத்தில் உடைவது நம் கேமரா.

ஆனாலும் ஒரு நெருடல் மிச்சமிருக்கிறது. சிப்பாயின் மறதி அவனுக்குக் காயம். அவனை அனுப்பியவர்களுக்கு வசதி. முதலாவதைப் படம் அபாரமாகச் சொல்கிறது. இரண்டாவதை, ஒரு செய்தியாளர் பாதுகாப்பு அமைச்சர் ஷரோனுக்குப் போன் போட்டுச் சொல்லும் காட்சியில் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. பிழைத்த பாலஸ்தீனர் ஒருவரிடம்கூட அது பேசுவதில்லை. கடைசியில் கதறும் பெண்களின் அரபிக்கு சப்டைட்டிலும் கிடையாது. சிப்பாய்களின் கனவுகூட எனக்கு வரி வரியாகப் புரிந்தது. அந்தப் பெண் என்ன சொல்லி அழுகிறாள் என்று மட்டும் இன்னமும் தெரியாது.