வெல்ஸ் பேராலயப் படிகளும் என் ஷேடோ ஸ்லைடரும்

ஆபீஸ் வேலையாக இங்கிலாந்து போனபோது ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி வெல்ஸ் என்ற சின்ன ஊருக்குப் போயிருந்தேன். ஊர் சின்னது, அங்கே இருக்கும் பேராலயம் பெரியது. நான் போனதோ அதில் ஒரு படிக்கட்டைப் பார்க்க. சாப்டர் ஹவுஸ் என்கிற எண்கோண மண்டபத்துக்கு ஏறும் படிகள் அவை. ஆலயக் குருமார்கள் கூடிப் பேசுவதற்காகக் கட்டிய மண்டபம், 1306 வாக்கில் முடிந்தது. படிகள் பாதி தூரம் நேராக ஏறி, அங்கிருந்து ஒரு கிளை வலது பக்கம் வளைந்து மண்டபத்துக்குள் போகும். இன்னொரு கிளை நேராக மேலே போகும்.

இந்தப் படிகளை 1903-ல் பிரெடரிக் எவான்ஸ் என்பவர் படம் எடுத்தார். லண்டனில் புத்தகக் கடை நடத்தியவர், 1898-ல் கடையை விட்டுவிட்டு முழுநேரமாக கேமராவோடு பேராலயங்களைச் சுற்ற ஆரம்பித்தவர். 'எ சீ ஆஃப் ஸ்டெப்ஸ்' என்று அந்தப் படத்துக்குப் பெயர் வைத்தார். தமிழில் 'படிகளின் கடல்' எனலாம். காலடி பட்டுப் பட்டு ஒவ்வொரு படியும் நடுவில் குழிந்து, அலை புரண்டு வருவது மாதிரி இருக்கும். பெயர் மிகையில்லை.

சரி, என் கதைக்கு வருவோம். ட்ரைபாட் ஹோட்டலில் இருந்தது. மேகமூட்டமான மதியம். கையில் பிடித்தபடியே ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/15 விநாடி வைத்து எடுத்தேன். ஜன்னல் வெந்து போகக் கூடாது என்று வெளிச்சத்தையும் குறைத்து வைத்திருந்தேன். கேமரா திரையில் பார்த்தால் ஜன்னல் சரியாக இருக்கு, கீழே பாதிப் படம் கறுப்பு. ரா ஃபைல்தானே, வீட்டில் போய்ப் பார்த்துக்கலாம் என்று கிளம்பிவிட்டேன்.

வீட்டில் முதலில் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். ஷேடோ ஸ்லைடரை 100 வரைக்கும் இழுத்தேன். இருட்டு போச்சு, ஆனால் படம் முழுக்க மணல் வாரி இறைத்த மாதிரி புள்ளிகள். உடனே செயற்கை நுண்ணறிவு வைத்து நாய்ஸ் நீக்கும் ஒரு செயலியில் போட்டேன். இரண்டு நிமிஷத்தில் பளிச்சென்று ஒரு படம் வந்தது. குடும்ப வாட்ஸப் குழுவில் அனுப்பினேன். 'சூப்பர்', 'காலண்டர் மாதிரி இருக்கு' என்றெல்லாம் பதில் வந்தது.

அந்தக் காலண்டர் என்ற வார்த்தைதான் உறுத்தியது. எவான்ஸ் படத்தை ஒரு பக்கமும் என் படத்தை இன்னொரு பக்கமும் திறந்து வைத்துப் பார்த்தேன். என் படத்தில் படிகள் எல்லாம் நேற்று அறுத்துப் போட்ட கல் மாதிரி இருந்தன. விளிம்புகள் கூர்மையாக இருந்தன, மேற்பரப்பு மழமழவென்று இருந்தது. குழிவுக்குள் மெல்ல இறங்கும் நிழல் காணோம். சுவரில், மூல ஃபைலில் வெறும் புள்ளிகள் மட்டுமே இருந்த ஒரு இடத்தில், கல்லின் இணைப்புக் கோடு மாதிரி ஒன்று புதிதாக முளைத்திருந்தது. கிட்டத்தட்ட 700 வருஷம் மனிதர்கள் நடந்து தேய்த்ததை என் செயலி இரண்டு நிமிஷத்தில் பழுது பார்த்துவிட்டது!

ஏன் இப்படி ஆச்சு? ஒளி என்பது துகள்களாக, மழைத்துளி மாதிரி ஒழுங்கில்லாமல் வந்து விழுகிறது. ஒரு பிக்சலில் 10,000 துகள் விழுந்தால் அதில் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது 1 சதவீதம். 100 துகள்தான் விழுந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். இருட்டில் புள்ளி தெரிவதற்கு முக்கியமான காரணம் இதுதான். ஸ்லைடரை இழுக்கும்போது ஒளி கூடுவதில்லை. இருக்கிற எண்ணைப் பெருக்குகிறோம், பிழையும் சேர்ந்தே பெருகுகிறது. இன்னொன்றும் உண்டு. 14 பிட் ரா ஃபைலில் மொத்தம் 16,384 படிநிலைகள். அதில் பாதியை மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப் மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஸ்டாப் கீழே இறங்கும்போதும் மிச்சம் பாதியாகும். எட்டாவது ஸ்டாப்புக்கு வரும்போது கையில் இருப்பது 64 படிநிலைதான். படியின் குழிவு அந்த 64-க்குள்தான் ஒளிந்திருந்தது. செயலிக்கு அது குழிவா, நாய்ஸா என்று தெரியவில்லை. 'கல் படி இப்படித்தான் இருக்கும்' என்று தான் படித்ததை வைத்து ஊகித்து நிரப்பியது. சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் அதைத் திட்டவும் மனசு வரவில்லை. கேட்டதைத்தான் அது கொடுத்தது, நான்தான் தப்பாகக் கேட்டேன்.

எவான்ஸ் நெகட்டிவில் கை வைப்பதை வெறுத்தவர். எடிட்டிங்கே வேண்டாம் என்று வாதிடுகிறவர்கள் அவர் பெயரை இழுப்பதுண்டு. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. அவர் பிளாட்டினம் தாளில் பிரிண்ட் போட்டார். அந்தத் தாள் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் நீண்ட, மென்மையான சாம்பல் வரிசையைக் கொடுக்கும். முதல் உலகப் போர் காலத்தில் பிளாட்டினம் கிடைக்காமல் போனதும் அவர் படம் எடுப்பதையே ஏறக்குறைய விட்டுவிட்டார். தாள் வெறும் தாளாக இருந்திருந்தால் வேறொன்றுக்கு மாறியிருப்பாரே? அந்தத் தாளைத் தேர்ந்தெடுத்ததும், வெளிச்சத்துக்குக் காத்திருந்ததும், நிதானமாக நீண்ட எக்ஸ்போஷர் கொடுத்ததும் எடிட்டிங்தான் என்பது என் கட்சி. அதையெல்லாம் பெரும்பாலும் ஷட்டரைத் திறக்கும் முன்பே முடித்துக்கொண்டார். அதனால்தான் அவர் நிழலுக்குள் கல் இருக்கு, என் நிழலுக்குள் ஊகம் இருக்கு.

ஆகவே 'எடிட் பண்ணலாமா, கூடாதா' என்ற சண்டை எனக்கு வீணாகத் தெரிகிறது. எதைக் காப்பாற்ற எடிட் பண்றோம் என்பதுதான் கேள்வி. தேவாலயப் படத்தில் நாம் காப்பாற்ற வேண்டியது வெளிச்சத்தின் அளவை அல்ல, வெளிச்சத்தின் படிநிலையை. ஜன்னலில் நுழையும் ஒளி தூணில் எவ்வளவு, படியில் எவ்வளவு, மூலையில் எவ்வளவு என்ற விகிதம். கட்டியவர்கள் ஜன்னலை வைத்தபோதே அந்த விகிதத்தையும் சேர்த்துத்தான் கட்டினார்கள்.

இதை மனதில் வைத்து அதே ஃபைலை மறுபடி எடுத்தேன். முதலில் வெள்ளைச் சமநிலை. ஜன்னலை விட்டுவிட்டு கல்லின் நிறத்தை வைத்துச் சரிசெய்தேன், விளக்கின் மஞ்சள் கொஞ்சம் மிஞ்சட்டும் என்று விட்டேன். எக்ஸ்போஷர் ஒரே ஒரு ஸ்டாப் ஏற்றம். ஷேடோ 25-ஐத் தாண்டவில்லை. மூலைகளின் கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும். நிறப் புள்ளிகளை முழுசாக நீக்கினேன், வெளிச்சப் புள்ளிகளைப் பாதிதான் குறைத்தேன். மிச்சப் புள்ளிகள் கல்லின் சொரசொரப்போடு கலந்து உறுத்தாமல் போகின்றன. சாய்ந்த தூண்களை முழுக்க நிமிர்த்தவில்லை, நிமிர்த்தினால் மேல்பக்கம் ஊதித் தெரிகிறது. கடைசியாகப் படிகளுக்கு மட்டும் ஒரு மாஸ்க் போட்டு, ஒளி வரும் பக்கத்து விளிம்புகளை லேசாகத் தூக்கினேன். குழிவுகள் திரும்பி வந்தன. எல்லாம் இல்லை, மேலே உள்ள ஏழெட்டுப் படிகளில் மட்டும். கீழ்ப் படிகளில் திரும்பி வருவதற்கு ஃபைலில் ஒன்றுமே இல்லை.

எனவே என் இரண்டாவது படத்தைப் பற்றி என் தீர்ப்பு: முதல் படத்தைவிட நேர்மையானது, எவான்ஸ் படத்துக்குப் பக்கத்தில் வைக்க முடியாதது. குறை எடிட்டிங்கில் இல்லை, அன்றைக்கு நான் பட்ட அவசரத்தில். கேமராவைத் தரையில் வைத்து ஐஎஸ்ஓ 200-ல் இரண்டு விநாடி எடுத்திருந்தால் 32 மடங்கு ஒளி கிடைத்திருக்கும். அதே தரத்தில் பார்த்தால் புள்ளிகளின் தொல்லை ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கும். இரண்டே விநாடி!

நம்மில் பலர் பழைய கட்டடங்களைப் படம் எடுத்து ஆய்வுக் குறிப்புகளில் ஆதாரமாக வைக்கிறோம். ஒரு தேய்ந்த படி என்பது எழுத்தில்லாத கல்வெட்டு. நாய்ஸ் நீக்கியை அழுத்துவதற்கு முன் மூல ஃபைலை 100 சதவீதத்தில் ஒருமுறை பார்த்து, பிறகு வந்த படத்தையும் அதே இடத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே இல்லாத கோடு ஒன்று முளைத்திருந்தால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஆதாரமில்லை, காலண்டர்தான். குடும்பக் குழுவுக்கு இரண்டாவது படத்தையும் அனுப்பினேன். 'முதல் படமே நல்லா இருந்துச்சே, ஏன் இருட்டாக்கிட்டே?' என்று அக்கா கேட்டாள். அவளுக்குப் பதிலாகத்தான் இவ்வளவும் எழுதினேன்.