கணக்கு தவறியதும் கணக்கில் வராதவர்களும்

பெருந்திட்டங்களின் மேலாண்மை என்று பேச்செடுத்தால் பென்ட் ஃப்ளூபியெர் என்ற டென்மார்க்காரரின் பெயர் வராமல் போகாது. அணை, ரயில்பாதை, சுரங்கவழி எல்லாம் சொன்ன செலவை ஏன் தாண்டுகின்றன என்பது அவரது ஆய்வு. 'மேனேஜ்மென்ட் சமாச்சாரம், நமக்கென்ன' என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் புறப்பட்ட இடம் நமக்குப் பழக்கமானது: மாக்கியவெல்லி, நீட்ஷே, ஃபூக்கோ.

1991இல் டேனிஷிலும் 1998இல் ஆங்கிலத்திலும் வந்த 'பகுத்தறிவும் அதிகாரமும்' என்ற நூல் ஆல்போர்க் நகரின் கதை. நகர மையத்தில் கார்களைக் குறைத்து பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் இடம் தரத் தீட்டிய திட்டம், வணிகர் அமைப்பின் நெருக்குதலிலும் அதிகாரிகளின் பேரத்திலும் உருக்குலைகிறது. அறிவு அதிகாரத்தைத் திருத்தும் என்பது படித்தவர்களின் பழைய நம்பிக்கை. எது அறிவு என்பதையே அதிகாரம்தான் தீர்மானிக்கிறது என்று ஆவணங்களைக் கொண்டே காட்டினார்.

2002இல் சக ஆய்வாளர்களோடு 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்தார். பத்தில் ஒன்பதில் செலவைக் குறைத்துச் சொல்லியிருந்தார்கள்; ரயில் திட்டங்களில் சராசரி மீறல் 45 சதம். வெறும் பிழை என்றால் சில நேரம் கூடணும், சில நேரம் குறையணும். எப்பவும் ஒரே பக்கம் சாய்ந்தால்? பொய் என்றே எழுதினார். கட்டுரைத் தலைப்பிலேயே அந்தச் சொல் இருந்தது.

பொய்யைக் கண்டவர் அடுத்துத் தந்தது ஒரு திருத்தம். இதேபோன்ற பழைய திட்டங்கள் எவ்வளவு மீறின என்று பார்த்துப் புதிய மதிப்பீட்டை அதற்கேற்ப உயர்த்தும் முறை. 2004இல் பிரிட்டிஷ் போக்குவரத்துத் துறை அதை ஏற்றது. 2009இல் ஆக்ஸ்ஃபோர்டு வணிகப் பள்ளியில், ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பெயர் தாங்கிய பேராசிரியர் இருக்கை. ஆல்போர்க்கில் 'அதிகாரம்' என்றிருந்தது இங்கே 'அபாயம்' ஆகிறது, பொய் சதவீதமாகிறது. விலைபோய்விட்டார் என்று திட்டுவது சுலபம். என் சிக்கல் அதுவல்ல, அளவுகோல்.

2014இல் அவரும் குழுவினரும் 245 பெரிய அணைகளை ஆராய்ந்தார்கள். சராசரி மீறல் 96 சதம். சமூக, சுற்றுச்சூழல் செலவுகள் இதில் சேரவில்லை என்று அவர்களே நேர்மையாகச் சொல்லிவிடுகிறார்கள். உலக அணைகள் ஆணையம் 2000இல் தந்த அறிக்கைப்படி, அணைகளால் இடம்பெயர்ந்தவர்கள் 4 முதல் 8 கோடி பேர். மீறல் என்பது திட்டம் போட்டவன் முதலில் எழுதிய தொகைக்கும் கடைசியில் ஆன தொகைக்கும் உள்ள வித்தியாசம். ஆக, அளவுகோல் திட்டமேதான். அதில் முதலிலேயே எழுதப்படாத மனுஷி கடைசிவரை மீறலாகக்கூட வரமாட்டாள். சொன்ன காசில், சொன்ன நாளில் முடிந்த அணை வெற்றி. எத்தனை ஊர் முங்கினால் என்ன?

நர்மதைப் பள்ளத்தாக்கு மக்கள் இந்த அளவுகோலையே கேள்வி கேட்டார்கள். உலக வங்கி வேறு வழியின்றி மோர்ஸ் குழுவை அமைத்தது. 1992இல் அதன் அறிக்கை மறுகுடியேற்றத் தோல்வியைப் பதிவுசெய்தது. 1993இல் வங்கிக் கடன் நின்றது. அணை பிறகு எழும்பிவிட்டது, உண்மைதான். ஆனாலும் யாருடைய கணக்கு என்ற கேள்வியை எழுப்பியது மூழ்க மறுத்தவர்கள்தான்.

ஃப்ளூபியெரின் எண்கள் நமக்கு வேண்டும். அரசின் பொய்யை அரசின் கணக்காலேயே உடைக்க அவை உதவும். ஆனால் அந்த எண்களை 1991ஆம் வருஷத்து ஃப்ளூபியெரோடு சேர்த்துத்தான் படிக்கணும்.