குரலில் எழுந்த மேற்கு

அமெரிக்க வானொலியின் பொற்காலத்துக் கௌபாய் நாடகங்களைப் பாராட்டுபவர்கள், காட்சி இல்லாத குறையைக் கேட்பவரின் கற்பனை நிறைவுசெய்தது என்பார்கள். அது பாதி உண்மைதான். கற்பனை வெறுங்கையோடு வேலை செய்வதில்லை. காதுக்கு வந்து சேரும் குரலையும் ஓசையையும் கொண்டே அது உலகைக் கட்டுகிறது. குரலில் உண்மை இருந்தால் உண்மையைக் கட்டும். இழிவு ஒளிந்திருந்தால் அதையும் சேர்த்தே கட்டும். இந்த நாடகங்களின் சாதனை, பிழை இரண்டுக்கும் வேர் இதுவே.

சாதனைக்குச் சான்று, சிபிஎஸ் வானொலியில் 1952 முதல் 1961 வரை ஒலிபரப்பான 'கன்ஸ்மோக்'. நார்மன் மெக்டானலும் ஜான் மெஸ்டனும் உருவாக்கிய இந்தத் தொடர், 1870களின் கான்சாஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டியைப் பெரியவர்களுக்காகச் சித்திரித்தது. மார்ஷல் மாட் டில்லனாகக் குரல் கொடுத்த வில்லியம் கான்ராட் அவசரப்படுவதில்லை. மரப்பலகை நடைபாதையில் பூட்ஸ் ஒலிக்கும், கதவு கிறீச்சிடும், பேச்சு நின்று மௌனம் நீளும். துப்பாக்கி வெடிக்கும்போது அது வீரமாகத் தோன்றாமல் இழப்பாகவே படும். 'தி கேபின்' என்ற கதையில் பனிப்புயலில் ஒதுங்க வரும் டில்லன், இரண்டு கொடியவர்களிடம் சிக்கிய ஒரு பெண்ணைக் காண்கிறார். கொடியவர்கள் மடிந்த பிறகும் அவளுடைய காயம் ஆறுவதில்லை. ஆறிவிட்டதாக நாடகமும் பாசாங்கு செய்யவில்லை.

பிழைக்குச் சான்று, 1933இல் டெட்ராய்ட் நகரின் டபிள்யூஎக்ஸ்ஒய்இசட் நிலையத்தில் தொடங்கிய 'தி லோன் ரேஞ்சர்'. முகமூடி நாயகன் தனியாகவே திரிந்தால் அவன் நினைப்பதைக் கேட்பவருக்குச் சொல்ல வழியில்லை. பேச்சுத் துணை தேவைப்பட்டதால் டோன்டோ என்ற பூர்வகுடிப் பாத்திரம் பிறந்தது. அதற்கு நெடுங்காலம் குரல் கொடுத்தவர் ஜான் டாட் என்ற வெள்ளையர். டோன்டோ துணிந்தவன், நாயகனின் உயிரைக் காப்பவன். அப்படியிருக்க அது எப்படி இழிவாகும் என்று கேட்கலாம். ஆனால் அவன் வாயில் வருவதெல்லாம் கொச்சை ஆங்கிலம். முகம் தெரியாத ஊடகத்தில் பேச்சே மனிதன். பேச்சைச் சிதைத்தால் அவனுடைய அறிவும் குறைந்ததாகவே காதில் விழும்.

பாத்திரங்களை உடனே இனங்காட்ட வானொலிக்கு இத்தகைய பேச்சு தேவைப்பட்டது என்பது வலுவான மறுப்பு. ஆனால் கன்ஸ்மோக்கின் மற்றப் பாத்திரங்களான டாக்டரின் கரகரப்பும் செஸ்டரின் வெள்ளந்தித்தனமும் கிட்டியின் நிதானமும் யாரையும் தாழ்த்தாமலே அவர்களை இனங்காட்டின. லோன் ரேஞ்சர் போன்ற சிறுவர் நாடகத்திடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்ற வாதமும் நிற்காது. கேட்டதைச் சரிபார்க்க வேறு அனுபவம் இல்லாத வயதில்தான் அந்தக் குரல் ஆழமாகப் பதிகிறது. ஆகவே குற்றம் ஊடகத்தின் மீதில்லை. எழுதியவர்களின் தேர்வில் இருக்கிறது. காலத்தைக் காரணம் காட்டி இந்த நாடகங்களை மன்னிப்பதும் வேண்டாம், ஒரேயடியாக ஒதுக்குவதும் வேண்டாம். எவருக்கு முழு வாக்கியம் கொடுத்தார்கள், எவருக்கு மறுத்தார்கள் என்று கவனித்துக் கேட்பதே அவற்றின் கலைக்கும் அவற்றால் காயப்பட்டவர்களுக்கும் நாம் செய்யும் நியாயம்.